ஆமென் சொல்லாதே, தம்பி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

மேலே ஆண்டவர் பெயரைப் போட்டுத் தொடங்கவில்லையே என்று உன் கண் முதலில் அங்கேதான் போகும். போட்டேன். மூன்று தாள் கிழிந்தது. அந்தப் பெயரை எழுதும்போது மனத்தில் வேறு ஏதாவது ஓடியதா என்று பார்க்க ஆரம்பித்தால் கடிதம் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். அதனால் வெறும் தம்பிக்கு. கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே கோபமாகத்தான் இருக்கிறாய், அது வேறு விஷயம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். பெண் டாக்டர், மனநல டாக்டர். ஆமாம், நான்தான், நானேதான் போனேன். சீட்டில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதியிருக்கிறார், வாயால் ஓ.சி.டி. என்கிறார். தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை முறை உனக்குப் போன் செய்கிறேன் என்று கேட்டார். எட்டு, சில நாள் பதினொன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"போன்ல கேட்டா உடனே பதில் வந்துடுது. அந்தப் பதில் ஒரு மணி நேரம் தாங்குது, அப்புறம் திரும்பக் கேக்கணும்னு தோணுது. அப்படித்தானே? இனிமே லெட்டர் போடுங்க. பதில் வர நாலு நாள் ஆகும்ல, அந்த நாலு நாளைத் தாங்கிப் பழகுங்க."

பத்து நாளாக உன்னைக் கூப்பிடவில்லை. எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உன் மகள் உருண்டையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தாயாக இருக்கச் சொன்னாய். நானும் சரியென்று சொல்லி, புதுச்சேலை கட்டிக்கொண்டு, வாசலிலிருந்து பாதி தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பத்தடி இருக்கும்போது, ஆர்மோனியம் வாசிக்கிறவர் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். சபை முழுக்கப் பார்த்தது. அங்கியைப் போட்டுக்கொண்டு நீ அங்கே நின்ற நிலையை நானும் பார்த்தேன்.

உடம்பு சரியில்லை என்று அன்றைக்குச் சொன்னது பொய். ஒரு நினைப்பு வந்தது. அதற்குமேல் இப்போது எழுத முடியவில்லை. உன் மனைவியிடம், நம் டீச்சரிடம், நான் வருத்தப்பட்டேன் என்று சொல்.

அக்கா

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். சூட்டோடு எழுதினால் பிறகு வருத்தப்படுவேன் என்று. இப்போதும் சூடு முழுக்கத் தணியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. உனக்குத் தெரியாததா? டீச்சர் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள், எத்தனை வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தாள் என்று எல்லாம் தெரிந்தவள் நீ. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "அண்ணிக்கு என் குழந்தையப் புடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். ஆராதனையை நிறுத்தி, ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். சபைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. பிள்ளை இன்னும் உருண்டையாகவே உருண்டுகொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் உண்மையாகச் சொல்கிறேன். நீ கூப்பிடாத முதல் இரண்டு நாள் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மூன்றாம் நாள் பிரசங்கம் தயார் செய்துகொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்ன அக்கா தம்பி பாசமோ என்று டீச்சர் சிரித்தாள். அந்த வாரத்திலேயே அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

என்ன நினைப்பு, அக்கா? என்னிடம் சொல்லாத நினைப்பு என்று ஒன்று உன்னிடம் இருக்கிறதா? வந்தால் வந்த இடத்திலேயே ஜெபம் செய்திருக்கலாமே. ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றிருந்தால் நான் காத்திருக்க மாட்டேனா?

டாக்டர் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்குச் சமாதானம் தருவார். ஆமென்.

தம்பி

பிப்ரவரி 23

தம்பிக்கு,

உன் கடிதத்தின் அடியில் இருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள்... சரி, சேலை கட்டுகிறவளுக்கு ஏது சட்டைப்பை, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிக்கொண்டே நடுநடுவே எடுத்துப் பார்த்தேன். டாக்டரிடம் கொடுத்தபோது, "இத நீங்களே கிழிச்சுப் போடுறீங்களா?" என்றார். கிழித்தேன். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அதனால் இனிமேல் எனக்கு எழுதும்போது ஆமென் போடாதே. தயவுசெய்து.

இது எப்போது ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குப் பதினொன்று, உனக்கு எட்டு வயது. காலையில் பள்ளிக்கூடம் போவதற்குமுன் கட்டிலோரம் முழங்கால் போடுவேன். ஜெபத்தின் நடுவே மனம் ஒரு வினாடி வேறு எங்காவது போனால் முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து. தெருமுனையில் பஸ் ஹார்ன் அடிப்பான். நீ என் பையையும் உன் பையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஒரு நாள் கத்தினாய்: "ஆமென்! போதும், வா!" நான் எழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடிந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீ பஸ்ஸுக்காகச் சொன்னாய். ஆனால் என் தலைமேலிருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. மறுநாளிலிருந்து நீ சொன்னால்தான் எழுந்தேன். பிறகு நீ விடுதிக்குப் போனாய், இறையியல் படித்தாய், போதகர் ஆனாய். நான் போனில் "சொல்லிட்டேன்" என்பேன், நீ "ஆமென்" என்பாய், வைத்துவிடுவோம். ஓர் அடக்க ஆராதனையின் நடுவில்கூட ஒதுங்கி வந்து சொல்லியிருக்கிறாய். முப்பது வருஷம், தம்பி. நாமிருவரும் சேர்ந்து செய்த காரியம் இது. உன்மேல் பழி போடவில்லை. சரி, கொஞ்சம் போடுகிறேன்.

இப்போது கேட்டதற்குப் பதில்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, இவளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடு என்று ஒரு நினைப்பு வந்தது. தரையில் போடு என்று இன்னொன்று. கூடவே பரிசுத்த ஆவியைப் பற்றி, எழுதவே கூடாத ஒரு கெட்ட வார்த்தை. மன்னிப்பே இல்லாத பாவம் என்று ஒன்றைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டோமே, அதை நான் செய்துவிட்டேனோ என்று பன்னிரண்டு வயதிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். ஆறு வருஷமாகத் திருவிருந்து எடுக்காததற்கு அதுதான் காரணம். வயிற்றுப்புண், திராட்சரசம் ஒத்துக்கொள்ளாது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் கதை.

நான் உருண்டையை ஒன்றும் செய்ய மாட்டேன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது போதவில்லையே. இப்படிப்பட்ட நினைப்பு எல்லாருக்கும் வந்து போகும், மற்றவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, நான் அதை உட்காரவைத்து விசாரணை செய்கிறேன் என்கிறார் டாக்டர். அவருக்கு நம் சபையும் தெரியாது, வேதமும் தெரியாது. ஒரு நாள் கேட்டார், "உங்க கடவுளுக்கு ஒரு தடவை சொன்னா காது கேக்காதா?" கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது சிரிப்பும் வந்தது.

ஒன்றை மட்டும் உன்னால் மறுக்க முடியாது. நாலு வருஷத்துக்குமுன் உன் பழைய சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். இவளுக்குப் பிசாசின் கட்டு இருக்கிறது என்று நானூறு பேர் முன்னால் என் தலையைப் பிடித்து அமுக்கினார். நான் விழுந்தது அவர் தள்ளியதால். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அல்லேலூயா என்று எல்லாரும் கை தட்டினார்கள். நீ ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருப்பது வியாதி என்று உனக்கு அன்றைக்கே தெரியாவிட்டாலும், உன் அக்காளுக்குப் பிசாசு இல்லை என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இதில் எதையும் டீச்சரிடம் சொல்லாதே. குழந்தையைப் பற்றிய நினைப்பை மட்டுமாவது சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மறைக்கத்தான் பார்த்தேன். டீச்சரிடம் எதையும் மறைக்க எனக்கு வராது. முகத்தைப் பார்த்தே விடைத்தாள் திருத்துகிற மாதிரி சிவப்புக் கோடு போட்டுவிடுவாள். கடிதத்தை நான் டிராயரில் பூட்டியதைப் பார்த்துவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் குழந்தை சம்பந்தப்பட்டதா?" பிறகு நான் எப்படிப் பொய் சொல்வது?

அவள் பயந்துவிட்டாள், அக்கா. கத்தவில்லை. குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "வேற யாரையாவது ஞானத்தாயா வைங்க" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கேயும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

அந்தப் பிரசங்கியார் விஷயம். நீ எழுதியது அத்தனையும் உண்மை. எனக்கு அப்போது அந்தச் சபையில் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூப்பர்கள் அழைத்து வந்த மனிதர். எதிர்த்துப் பேசினால் என் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். அதோடு, கேவலமான ஒன்றையும் சொல்கிறேன், ஒருவேளை இதில் உனக்குச் சுகம் கிடைத்துவிட்டால் போன் நின்றுவிடும் என்று ஓர் ஆசை. உன் முழங்காலில் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் மருந்து போட்டுக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

உன் டாக்டருக்கு நான் போன் செய்தேன். வீட்டாரோடு பேச நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயாம். நான் ஒரு போதகர், பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொல்வதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள், ஊரில் எல்லாருக்கும் சொல்கிறேன், சொந்த அக்காளுக்குச் சொல்லக் கூடாது என்றால் என்ன நியாயம் என்று வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்ற ஆமென் அவங்க ஜெபத்துக்கு இல்ல பாஸ்டர், பயத்துக்கு. பயம் கேட்டுக் கேட்டு வாங்கிக்குது. நீங்க ஊருக்கெல்லாம் சொல்றத அவங்க ஒருத்தர் மட்டும் தினம் பத்து தடவ கேக்குறாங்கன்னா, ஒரு தடவகூட அவங்களுக்குப் போய்ச் சேரலன்னுதானே அர்த்தம்?"

மூக்குடைந்து போனை வைத்தேன். முப்பது வருஷமாக உனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். உனக்கு நான் வேண்டியிருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுவும் இருந்தது, அக்கா.

கீழே எதுவும் போடவில்லை. பேனா பாட்டுக்கு அங்கே போகிறது, இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கெஞ்சிக் கேட்டேன். இரண்டே வரி. அதைக் காப்பாற்ற உன்னால் முடியவில்லை.

டீச்சர் சொன்னதுதான் சரி. வேறு ஞானத்தாய் பார். நான் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உருண்டைக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, நான் தொட்டுத் தொட்டுப் பார்க்கவில்லை. துவைத்தே போடச் சொல்.

இனிமேல் கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

அக்கா

மார்ச் 30

தம்பிக்கு,

நீ நடுவில் போட்ட இரண்டு கடிதமும் வந்தது. பிரிக்கவில்லை. பிரித்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாய், நான் அழுவேன், வேலை கெடும். ஆனால் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை இங்கே என்ன நடந்தது என்று டீச்சர் உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். அவள் கணக்கு டீச்சர், விடையை மட்டும் சொல்வாள். வழிமுறையை நான் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. கடையில் கூட்டமில்லை. நான் உள்ளே லென்ஸ் ஓரம் தேய்க்கிற மெஷினில் இருந்தேன், கையெல்லாம் தண்ணீரும் கண்ணாடிப் பொடியும். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள், இடுப்பில் குழந்தை. நம் டீச்சர். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"அண்ணி, எனக்குக் கண் பாக்கணும். போர்டுல எழுதுனா எனக்கே தெரிய மாட்டேங்குது."

"அங்க கண்ணாடிக் கடையே இல்லியா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இருக்கு. அங்கல்லாம் நாத்தனார் இல்ல."

கடைக்காரர் நாற்காலியைக் காட்டினார். அவள் நேராக என்னிடம் வந்து, "இந்தாங்க, புடிங்க" என்று உருண்டையை நீட்டினாள். நான் பின்னால் போனேன். போய்ப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

"அவன் உன்கிட்ட சொன்னான்ல? நான் என்ன நெனச்சேன்னு தெரியும்ல?"

"தெரியும். மூணு நாள் கண்ண மூடல நான். உங்கள அடிக்கணும்போல இருந்துச்சு. அப்புறம் உங்க டாக்டரம்மாகிட்ட நானே பேசுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"அத நான் சொல்லக் கூடாதாம். சொன்னா அதையும் நீங்க பர்ஸ்ல வெச்சுக்குவீங்களாம்."

தம்பி, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையைத் துடைக்கக்கூட விடவில்லை.

இருபது நிமிஷம். கடைக்காரர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெரியுதா? இதுல தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எல்லாம் வந்தது. கீழே தரை கல் தரை என்பது வந்தது. மெஷினில் தண்ணீர் இருப்பது வந்தது. அந்த வார்த்தையும் வந்தது. வழக்கமாக உடனே கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவேன், முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து. டாக்டர் சொல்லியிருந்தார், வந்தால் வரட்டும், விரட்டவும் வேண்டாம், விருந்து வைக்கவும் வேண்டாம் என்று. விரட்டாமல் நின்றேன். முதுகெல்லாம் வேர்வை. உருண்டை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பினாள். பிறகு என் மடி நனைந்தது. நல்ல சேலை.

போகும்போது டீச்சர் வாசலில் நின்று சொன்னாள், "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அண்ணி. எழுத்தையே பாக்கல. எதுத்தாப்புல கண்ணாடியில உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். அவரு கேட்டதுக்கெல்லாம் தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

அப்படியானால் பவர் தப்பாகத்தான் வந்திருக்கும். கண்ணாடி போட்டுத் தலை வலித்தால் மறுபடி வரச் சொல். பிள்ளையையும் எடுத்துக்கொண்டு.

அவள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்துவிட்டது என்று எழுத வரவில்லை. உன்மேல் கோபம் பாதி போயிருக்கிறது. மீதி இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

தலை வலிக்கிறது என்கிறாள். உன் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

ஞானஸ்நானத்தை மே மூன்றாம் தேதி ஞாயிறு காலை ஆராதனையில் வைத்திருக்கிறேன். ஞானத்தாயின் பெயரை எழுதச் சொல்லிப் பதிவேட்டை டீச்சர் முன்னால் வைத்தேன். என்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

அன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று உனக்கு எழுத வேண்டும்போல இருக்கிறது. எழுத மாட்டேன். நினைப்பு வரலாம். தொட்டியின் முன்னாலேயே வரலாம். நீ பாதியில் திரும்பிப் போனாலும் போகலாம். எது நடந்தாலும் அன்றைக்கு மதியம் எங்கள் வீட்டில்தான் உனக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடிந்தது.

இப்படி எழுதி முடிப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா? பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினாற்போல.

தம்பி

மே 6

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் சரியாக இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய், தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நீ வாசலிலிருந்து நடந்து வந்தாய். ஆர்மோனியத்தைத் தாண்டினாய். என் எதிரில் வந்து நின்றாய். உன் உதடு வெளுத்திருந்தது, கை நடுங்கியது, பிள்ளையின் சட்டை அந்த நடுக்கத்தில் ஆடியது எனக்குத் தெரிந்தது. ஆனால் நின்றாய். நான் கேட்ட கேள்விகளுக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாய். தண்ணீர் எடுக்க நான் வலது கையைத் தொட்டிக்குள் விட்டேன்.

அப்போது என் இடது கை தானாகப் போய்க் குழந்தைக்குக் கீழே நின்றது.

சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. போதகர் பிள்ளையைத் தாங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். டீச்சர் முதல் பெஞ்சில் இருந்தாள், இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் நம்பினாள். நான் நம்பவில்லை. பெற்ற தாய் நம்பியபோது, விசுவாசத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிற நான் அடியில் கை வைத்துக் காத்திருந்தேன், நீ போட்டுவிடுவாய் என்று. நீ குனிந்து என் கையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஆனாலும் நீ பிள்ளையை என் கைமேல் சாய்க்கவில்லை. உன் கையிலேயே வைத்திருந்தாய். கடைசிவரைக்கும்.

சாப்பிட்டு முடித்துப் பஸ் ஏறும்போது மன்னித்துவிடு என்றேன். நீ பரவாயில்லை என்றாய். அது உண்மையாகத்தானா? அல்லது சும்மா சொன்னாயா? மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன். டீச்சரிடம் கேட்டேன், "அண்ணி சொன்னா சொன்னதுதான்" என்கிறாள். பிறகும் கேட்டேன். எரிந்து விழுகிறாள். நேற்று இரண்டு அடக்க ஆராதனை, மனம் அதில் நிற்கவில்லை. அக்கா, மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. உன் கையெழுத்தில் பார்த்துவிட்டால் எனக்குப் போதும்.

தம்பி

மே 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டட்டுமா என்று யோசித்தேன். உனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் காட்டவில்லை.

பஸ் ஏறும்போது நான் சொன்னது சும்மாதான். பரவாயில்லாமல் இல்லை. உன் கையை அங்கே பார்த்தபோது, அந்தப் பிரசங்கியார் தள்ளிய அன்றைக்கு வலித்ததைவிட அதிகமாக வலித்தது. அவர் யாரோ. நீ என் தம்பி. உனக்கே என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் நான் வைத்திருக்கிற கொஞ்ச நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இருந்தது. ஒரு வினாடி, பிள்ளையை உன் கையிலேயே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று கால் திரும்பியது. இந்தத் தடவை நினைப்பால் இல்லை, ரோஷத்தால். போகவில்லை. உருண்டை என் கழுத்துச் சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள், போயிருந்தாலும் கூடவேதான் வந்திருப்பாள்.

தொட்டியின் முன்னால் என்னென்ன நினைப்பு வந்தது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டும்போல இருக்கிறது, நான்கு பக்கத்துக்கு இருக்கிறது. சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. எடுப்பேனா என்று எனக்கே தெரியாது. மாத்திரையில் வாய் உலர்கிறது. கடையில் ஒரே லென்ஸை ஏழு தடவை துடைத்த இடத்தில் இப்போது மூன்று. கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டு, "என்னம்மா, வேல ஓடுது?" என்றார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ செய்தது தப்பு. உன்னை மன்னித்துவிட்டேன்.

ஒரு தடவைதான் எழுதுவேன். நாலு நாள் கழித்து இது உனக்குப் போதாமல் போகும். மறுபடி கேட்டு எழுதுவாய். நான் பதில் போட மாட்டேன், தம்பி. தாங்கிப் பழகு.

அக்கா